பறவை உறுதி என்று பணம் வாங்கினால்…

கேள்வி: கொடைக்கானல் மலையில் மூன்று நாள் பறவை பார்க்கும் பயணம், படமும் எடுக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, நானும் என் மனைவியும் ஆளுக்கு 14,000 ரூபாய் கட்டினோம். "ஆறு பேர்தான் குழு, வழிகாட்டி மூன்று நாளும் கூடவே இருப்பார், வன அனுமதி எங்கள் பொறுப்பு, பழனி சிரிப்பானும் சோலைக்கிளியும் உறுதி" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். போனால் 15 பேர். வழிகாட்டி முதல் நாள் காலை இரண்டு மணி நேரம் இருந்தார், அப்புறம் ஆளைக் காணோம். அனுமதியும் வாங்கவில்லை. ரோட்டோரமே நின்றுவிட்டுத் திரும்பினோம். பணத்தைக் கேட்டால், "பறவை வரலைன்னா நாங்க என்ன பண்றது?" என்கிறார்கள். ரசீது தரவில்லை, யுபிஐயில் அனுப்பியதுதான். அவர்கள் அலுவலகம் கோவையில் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை அண்ணா நகர்

பதில்: பறவை வராததற்கு யாரும் பொறுப்பாக முடியாது ஐயா. அந்தப் பேச்சை நீங்களே விட்டுவிடுங்கள். ஆறு பேர் குழு, கூடவே வழிகாட்டி, வன அனுமதி ஆகிய மூன்றும் அவர்கள் கையில் இருந்தவை. மூன்றையும் எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. உங்கள் வழக்கு அதுதான்.

ஆறு பேர் என்பது சின்ன விஷயமில்லை. சோலைக்கிளி என்பது பெயரில் மட்டும்தான் கிளி; அது சோலைக்காட்டின் அடியில், ஈரச் சருகை ஒட்டி, முழங்கால் உயரப் புதருக்குள் நடமாடும் பறவை. வெளியே தலைகாட்டுவது பெரும்பாலும் விடியற்காலையிலும் வெளிச்சம் மங்கும் நேரத்திலும்தான். 15 பேர் சருகை மிதித்துக்கொண்டு நின்றால் அது உள்ளேயே ஒதுங்கிவிடும். எந்தப் புதர், எந்த நேரம் என்பது தெரிந்த ஆள் இல்லாமல் நின்றால் காலை முழுக்க வீண். குழு சிறியதாக இருப்பதற்கும் அந்த ஆளுக்கும்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள். அனுமதியும் அப்படியே. கொடைக்கானல் காடுகளின் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். உள்ளே போய்ப் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகும், அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருப்பவர்களிடம் பணம் கட்டவே கூடாது.

இப்போது செய்ய வேண்டியது. அந்த விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கள். 15 பேரும் தெரிகிற குழுப்படம் இருந்தால் சேருங்கள். சொன்னது என்ன, நடந்தது என்ன, எவ்வளவு பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல நேரம் இந்த இடத்திலேயே பணம் வந்துவிடும்.

வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரையிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது தராததையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது, அதையும் மனுவில் எழுதுங்கள்.

முழுத் தொகையையும் கேட்காதீர்கள் என்பது என் யோசனை. தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், அதைக் கழித்துக் கேட்டால் மனு கூடுதல் வலுவோடு நிற்கும்.

இன்னொன்று, இனிமேல் போகிறவர்களுக்காக. "பறவை உறுதி" என்று எழுதுகிறவரிடம் எப்படி என்று கேளுங்கள். சிலர் அந்தப் பறவையின் குரலைப் பதிவுசெய்து ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது வெளியே வருகிறது. பழனி சிரிப்பானும் இந்த வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நம் வீட்டுக் கொல்லையில் மட்டும் இருக்கிற உயிரை நாமே காசு கொடுத்துத் துன்புறுத்தக் கூடாது. உறுதி சொல்கிறவரைவிட, "தேடுவோம், கிடைத்தால் பார்ப்போம்" என்கிறவரை நம்பிக் கட்டுங்கள்.

கேள்வி: மேகமலைப் பயணத்துக்கு 150-600 மி.மீ. கேமரா ஜூம் லென்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வாங்கலாமா?
– திருமங்கலம் வாசகி

பதில்: ஒரே பயணத்துக்கு என்றால் வாடகைக்கு எடுங்கள். அடர்ந்த சோலைக்குள் வெளிச்சம் குறைவு, 600-இல் லென்ஸ் f/6.3 அளவுக்குத்தான் திறக்கும், அதனால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, எக்கச்சக்கமாக ஏற்ற வேண்டியிருக்கும்; படம் புள்ளி புள்ளியாகிவிடும். எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். கண்ணாடிக்குள் மெல்லிய வெள்ளை இழைகள் கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை, விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். பழைய பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலுக்குப் போகும் வண்டிகளுக்கான இ-பாஸ் எடுத்துத் தர ஒருவர் 300 ரூபாய் கேட்கிறார். கட்டணம் உண்டா?
– மேலூர் வாசகர்

பதில்: கிடையாது. அரசு இணையதளத்தில் கைபேசி எண்ணையும் வண்டி விவரத்தையும் கொடுத்து நீங்களே இலவசமாக எடுக்கலாம். அரசுப் பேருந்தில் போனால் அதுவும் தேவையில்லை.