ஏலத் தொகைகளைக் கூட்டினால் மாநிலக் கடன் கணக்கு ஏன் உதைக்கிறது?

வணக்கம். தமிழ்நாடு அரசு கடன் திரட்ட விற்கும் பத்திரங்களின் ஏலத் தொகைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, கடனுக்கான 3% வரம்பு (மாநில மொத்த உற்பத்தியில் 3%) தாண்டிவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கூட்டியது மொத்தக் கடன். வரம்போ நிகரக் கடனுக்கு. பழைய பத்திரங்கள் முதிரும்போது அவற்றின் அசலையும் புதுக் கடனில்தான் அடைக்கிறார்கள். அதைக் கழித்தாக வேண்டும்.

பட்ஜெட்டில் 6003ஆம் தலைப்பை (மாநில அரசின் உள்நாட்டுக் கடன்) பாருங்கள். அதற்குள் வரும் துணைத் தலைப்புகள் இவை. 101 சந்தைக் கடன்: வரவிலிருந்து அதே எண்ணில் உள்ள திருப்பிச் செலுத்தலைக் கழியுங்கள். 110: ரிசர்வ் வங்கி தரும் குறுகியகால வழிவகை முன்பணம். பலர் சறுக்குவது இங்கேதான். சில நாள் பற்றாக்குறைக்கு வாங்கி உடனே அடைக்கும் பணம் இது. ஆண்டுக்குள் பலமுறை வந்துபோகும். வரவை மட்டும் எடுத்தால் கடன் பூதாகரமாகத் தெரியும்.

6004ஆம் தலைப்பில் வரும் ஒன்றிய அரசின் 50 ஆண்டு வட்டியில்லாக் கடனும், 2020-21, 2021-22இன் ஜிஎஸ்டி இழப்பீட்டுக் கடனும் வரம்பில் சேராது. ஆனால் மாநில நிறுவனங்கள் வாங்கி, பட்ஜெட்டிலிருந்து அடைபடும் கடன் 2022-23 முதல் வரம்புக்குள் வருகிறது. அது 6003இல் இருக்காது, தனியே தேடுங்கள்.

பட்ஜெட் அட்டவணையில் மதிப்பீட்டு நெடுவரிசையை விட்டுவிட்டு, உண்மையில் நடந்த வரவு செலவைக் காட்டும் 'கணக்குகள்' நெடுவரிசையை எடுங்கள்.