ஃப்ரீசர் உறைகிறது, கீழே குளிரவில்லை: கேஸ் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

போடாதீர்கள். ஒரு நாளாவது பொறுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. இரண்டு கதவு ஃப்ரிட்ஜ், ஐஸ் கட்டாத வகை, ஏழு வருடப் பழசு. மேலே மீன் கல் மாதிரி உறைந்து கிடக்கிறது. கீழே பால் திரிந்துபோகிறது, காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. பார்க்க வந்தவர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் முடிஞ்சிருச்சு, 250 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த வசனத்தைக் காசு கொடுத்து இரண்டு முறை கேட்டவள் நான். பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. தோசை மாவு ஆட்டி அக்கம்பக்கத்தில் விற்கிறேன். ஃப்ரிட்ஜ் படுத்தால் வியாபாரமும் படுத்துவிடும். எனக்கு முதலில் தகவல் சொன்னதே மாவுதான். இரவு மூடி வைத்த டப்பா, காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. சரியான குளிரில் மாவு அப்படிப் பொங்காது. ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

வந்தவர் கேஸ் போட்டார். ஃப்ரிட்ஜ் அருமையாக ஓடியது, சரியாக மூன்று வாரம். பிறகு மறுபடி மாவு பொங்கியது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி கேஸ், மறுபடி மூன்று வாரம். மூன்றாவது முறை தொலைபேசியை எடுத்தபோதுதான் சித்தப்பா வீட்டில் இருந்தார். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓட தீர்ந்துபோக?" என்று கேட்டார்.

ஃப்ரிட்ஜில் கேஸ் அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். சைக்கிள் டயர் பஞ்சரை ஒட்டாமல் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருப்போமா? ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவதும் அதே கதைதான். ஓட்டையே இல்லாத ஃப்ரிட்ஜில் கூடுதலாகக் கேஸ் ஏற்றினால் கம்ப்ரசருக்குத்தான் கேடு.

அப்படியானால் என் ஃப்ரிட்ஜ் மூன்று வாரம் நன்றாக ஓடியது எப்படி? இதைத்தான் நான் வெகு நாள் புரிந்துகொள்ளாமல் இருந்தேன். அவர் வேலை பார்க்க வேண்டும் என்பதற்காக முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜை அணைத்து, சாமானையெல்லாம் எடுத்து, கதவைத் திறந்து போட்டிருந்தேன். உள்ளே மறைந்திருந்த ஐஸ் அத்தனையும் கரைந்துவிட்டது. என் ஃப்ரிட்ஜைச் சரிசெய்தது அந்த ஓர் இரவு. பேர் வாங்கியது கேஸ்.

இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிரை உண்டாக்கும் சுருள் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்பக்கப் பலகைக்குப் பின்னால் கண்ணில் படாமல் இருக்கும். ஒரு சின்ன விசிறி அதன் மேல் காற்றை இழுத்து, பெரும்பகுதியை ஃப்ரீசருக்கும் மிச்சத்தை ஒரு குழாய் வழியாகக் கீழேயும் அனுப்பும். கீழ்ப்பகுதிக்குச் சொந்தமாகக் குளிர் கிடையாது, மேலே இருந்து வருவதுதான். சுருளில் ஈரம் பனியாகப் படியும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரசர் நின்று, சுருளுக்கு அடியில் ஒரு ஹீட்டர் சூடாகி, பனியைக் கரைக்கும். அந்தத் தண்ணீர் ஒரு துளை வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் விழுந்து ஆவியாகிவிடும்.

இந்த ஹீட்டரோ, அதை இயக்கும் டைமரோ, சென்சாரோ, நடுவில் இருக்கும் சின்ன வெப்ப ஃப்யூஸோ போனால் பனி கரையாது. சேர்ந்து சேர்ந்து சுருளையே மூடிவிடும். காற்றுக்கு வழி இல்லை. ஃப்ரீசர் இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும், கீழ்ப்பகுதி முதலில் சாகும். வடிகால் துளையிலும் ஐஸ் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் போகாமல் உள்ளேயே வழிந்து காய்கறிப் பெட்டிக்கு அடியில் நிற்கும். உங்கள் இரண்டு புகாரும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன பாருங்கள். நம் ஊர்க் காற்றில் வருடம் முழுக்க ஈரம். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அந்த ஈரம் உள்ளே போய்ப் பனியாகிறது. கரைக்கும் வேலை இரண்டு மூன்று வாரம் நின்றாலே இங்கே போதும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். சாமானைப் பக்கத்து வீட்டுக்கோ, ஐஸ் போட்ட பெட்டிக்கோ மாற்றுங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இரண்டு கதவையும் அகலத் திறந்து, முன்னால் மேசை விசிறி ஒன்றை வைத்து, தரையில் பழைய துண்டுகளைப் போட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். நம் வெயிலுக்குப் பாதி நாளில் கரைந்துவிட்ட மாதிரிதான் தெரியும். பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஐஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது, பொறுமை வேண்டும். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு கொத்தவே கொத்தாதீர்கள். என் பெரியம்மா தைப்பூசத்துக்கு முந்தின நாள் மீன்வெட்டும் கத்தியால் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜைக் கொத்தினார். புஸ் என்று ஒரு சத்தம், அதோடு அந்த ஃப்ரிட்ஜ் முடிந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோக இருந்த மோர் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் ஆர்600ஏ என்ற எரியக்கூடிய கேஸ்தான் இருக்கிறது. பின்புற ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். கத்தி விளையாட்டு இதில் இன்னும் ஆபத்து.

கரைந்து முடிந்ததும் வடிகால் துளையைத் தேடுங்கள். என் ஃப்ரிட்ஜில் அது பலகைக்குப் பின்னால், சுருளுக்கு அடியில் இருந்தது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் சிலவற்றில் காய்கறிப் பெட்டிக்கு மேலே, பின்சுவரிலேயே தெரியும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெல்ல அடியுங்கள். பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. எனக்குக் கறிவேப்பிலைக் காம்பு ஒன்று வெளியே வந்தது. அங்கே எப்படிப் போனது என்று முருகனுக்குத்தான் வெளிச்சம்.

அந்தப் பின்தட்டையும் அப்படியே பாருங்கள். தண்ணீர் ஆவியாகாமல் தேங்கி நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். டிங்கி சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் இந்தத் தட்டையும் பார்ப்பார்கள். புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் கட்ட வேண்டியிருக்கும். எங்கள் மாடியில் ஒருவருக்குப் பூந்தொட்டியெல்லாம் சுத்தம், இந்தத் தட்டில் மாட்டினார். வாரம் ஒரு முறை கழுவுங்கள்.

அப்புறம் ஃப்ரிட்ஜைப் போடுங்கள், ஒரு நாள் ஓடட்டும். குளிரைக் கைவைத்துப் பார்க்காதீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, காலையில் அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 4 டிகிரியோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18.

இனி நாள் எண்ண வேண்டியதுதான். நன்றாகக் குளிர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கீழே சூடானால், கரைக்கும் பாகம் ஏதோ போயிருக்கிறது. கேஸ் பேச்சே வேண்டாம். என் வீட்டில் போனது வெப்ப ஃப்யூஸ். சித்தப்பா மல்ட்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடித்தார், பாகம் 18 வெள்ளிதான். அந்த ஃப்யூஸை எடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். மாதக்கணக்கில் பிரச்சினையே வரவில்லை என்றால், யாரோ ஒரு நாள் ஃப்ரீசர் கதவைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கதவு ரப்பரையும் ஒரு முறை பாருங்கள். ஒரு வெள்ளி நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி வெறும் அழுக்குதான். கரைத்த மறுநாளே ஃப்ரீசர் உறைந்து கீழே மட்டும் குளிரவில்லையா? விசிறியைச் சந்தேகப்படுங்கள்.

கேஸ்தான் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. மெக்கானிக்கைப் பலகையைக் கழற்றச் சொல்லி, சுருளை நீங்களே எட்டிப் பாருங்கள். சுருள் முழுக்கச் சீராக வெள்ளைப் பனி படிந்திருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. கட்டி ஐஸ் மூடியிருந்தால் கரைக்கும் பாகம். ஒரு மூலையில் இரண்டு வரிசை மட்டும் பனி, மற்றதெல்லாம் வெறுமையாக இருந்தால் அப்போது கேஸ் குறைவு என்று நம்பலாம். அப்போதும் "ஓட்டை எங்கே, அதை எப்படி அடைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் காசைப் பற்றிப் பேச வேண்டும். கம்ப்ரசர் ஓடாமல் சில நிமிடத்துக்கு ஒரு முறை "டிக்" என்று மட்டும் சத்தம் வந்தால் அது வேறு கதை. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலேயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், கம்ப்ரசரை மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம்.

இடி மின்னலில் கரண்ட் போய்வந்தால் உடனே சுவிட்சைப் போடாமல் ஐந்து நிமிடமாவது விடுங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாகும் முன் கிளப்பினால் கம்ப்ரசர் திணறும். கரண்ட் இல்லாத நேரத்தில் கதவைத் திறக்காமல் இருந்தால் கீழே நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரைகூடத் தாங்கும்.

இந்த வாரக் கடைசியில் கரைத்துப் பாருங்கள். எத்தனையாவது நாள் மறுபடி பால் திரிந்தது என்று தேதியோடு இங்கேயே எழுதுங்கள், சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை பாலைக் கதவுத்தட்டில் வைக்க வேண்டாம், உள்ளே நடுத்தட்டின் பின்பக்கம் வையுங்கள்.