லே மாரத்தான்: மூன்றாம் நாளே ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறேன். சென்னையில் முழு மாரத்தானை 4 மணி 35 நிமிடத்தில் முடித்தேன். வரும் செப்டம்பரில் லடாக்கில், லேயில் நடக்கும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். "மலை ஏற வேண்டியதில்லை, பெரும்பாலும் சமதள ரோடுதான்" என்கிறார் கூட ஓடும் தோழி. விமானத்தில் போய் இறங்கி மூன்றாம் நாள் ஓடிவிட்டு வரலாமா? டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா? போன மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: ஓடலாம். ஆனால் மூன்றாம் நாள் வேண்டாம், 10.6 ஹீமோகுளோபினோடு வேண்டவே வேண்டாம்.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. நான் முதல்முறை போனபோது பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. அன்று இரவு பக்கத்துக் கட்டிலில் நண்பர் தூக்கத்தில் பத்து விநாடி மூச்சே விடாமல் கிடந்து, பிறகு திணறி இழுத்தார். விடிய விடிய இப்படித்தான். புது உயரத்தில் இது சகஜம் என்று படித்துத் தெரிந்து வைத்திருந்தும், எண்ணிக்கொண்டே விழித்துக் கிடந்தேன்.

சமதளம்தானே என்கிறார் உங்கள் தோழி. எனக்குப் பயமே அதில்தான். ஏற்றம் வந்தால் கால் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். சமதளத்தில் கால் பழைய வேகத்திலேயே போகும். நீங்கள் சென்னையில் ஓடியது கிலோமீட்டருக்கு சுமார் ஆறரை நிமிடம். குளிர்ந்த காலையில் முதல் சில கிலோமீட்டர் அதே வேகம் சுகமாகத்தான் இருக்கும். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தால், நின்றாலும் சீக்கிரம் அடங்காது. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்சபட்ச ஆக்சிஜன் பயன்பாடு சுமார் ஒரு சதவீதம் குறையும். லேயில் உங்கள் இன்ஜினில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 2 மணி 12 நிமிடத்தில் வென்றார். நான்கு ஆண்டு கழித்து மெக்ஸிகோ நகரில், அதே நாட்டின் மாமோ வோல்டே தங்கம் வாங்க 2 மணி 20 நிமிடம் ஆயிற்று. மெக்ஸிகோ நகரம் 2,240 மீட்டர், நம் ஊட்டி அளவு உயரம். உயரமான நாட்டில் வளர்ந்தவருக்கே அந்தக் கதி என்றால், தாமிரபரணிக் கரையிலிருந்து போகிற உங்களுக்கு? கிலோமீட்டருக்கு ஏழரையிலிருந்து எட்டு நிமிடம் என்று திட்டமிடுங்கள். ஓடும்போது வாட்சைப் பார்க்க வேண்டாம். இதயத் துடிப்புக் கணக்கும் அங்கே மாறிவிடும். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். தோழி சொல்வதை நம்பாமல் பாதையின் வரைபடத்தையும் பாருங்கள்: லே நகரம் சரிவில் இருக்கிறது, சிந்து நதி நன்றாகக் கீழே ஓடுகிறது. ஆற்றங்கரை வரை இறங்கினால் திரும்ப ஏறித்தான் ஆக வேண்டும்.

எட்டு முதல் பத்து நாள் முன்னதாகப் போய்விடுங்கள். முதல் இரண்டு நாள் அறையும் வராந்தாவும் போதும். பிறகு நடை, அதன் பிறகே மெல்லோட்டம். உடல் முதலில் மூச்சை ஆழமாக்கும், சிறுநீரகம் ரத்தத்தின் அமில-காரச் சமநிலையைச் சரிசெய்யும். இதற்குச் சில நாட்கள் வேண்டும். சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். கர்துங் லா கணவாய் (5,359 மீட்டர்), பாங்காங் ஏரியில் இரவுத் தங்கல் எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு. இரண்டாம் நாளே டாக்சி பிடித்து கர்துங் லா போய் செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டயமாக்ஸ், உயரத்தில் தலைவலி, குமட்டல் என்று வரும் மலை நோயைத் தடுக்க உதவும், ஓட உதவாது. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை. ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, போய்ச் சேர்ந்து இரண்டு நாள் வரை. சல்ஃபா அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். விரல் நுனி மரத்துக் கூசும், அடிக்கடி சிறுநீர் போகும். ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பாருங்கள். இது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. ஓட்டத்துக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

இப்போது ரத்தம். உங்கள் 10.6 குறைவு. சிவப்பணு செய்யச் சொல்லி உடல் உத்தரவிடும்போது இரும்புச்சத்து இல்லையென்றால் உத்தரவு காகிதத்தோடு நிற்கும். உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வயதில் பல கேஸில் விடை அங்கேதான் இருக்கும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்காமல் எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடுங்கள். நிலை ஏற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொடாவிட்டால் இந்த வருடம் அரை மாரத்தானோடு நிறுத்திக்கொள்ளலாம். மூச்சை அடைக்கும் 'உயரப் பயிற்சி' மாஸ்க்குக்குக் காசு கொடுக்காதீர்கள். அது காற்றைத் தடுக்கிறதே தவிர அழுத்தத்தைக் குறைப்பதில்லை.

அங்கே தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் ஓய்வு, பாராசிட்டமால் போடலாம். குறையும்வரை ஓட்டம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நுரையோடு இருமல் என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடந்து பாருங்கள்; தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் ஆக்சிஜன், மருத்துவமனை, உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓட்டத்தின்போது புரூஃபன் வகை வலி மாத்திரை வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், பயந்து லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

விமான டிக்கெட் தேதியை மாற்றிவிட்டு, ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.