கேள்வி நேரம்: விட்டுப்போகும் விளைவுகள்

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். மூன்று நாணயம் சுண்டினால் எட்டு விளைவு என்று அவனுக்குத் தெரியும். எழுதச் சொன்னால் ஒன்று விட்டுப்போகிறது, இன்னொன்று இரண்டு முறை வந்துவிடுகிறது. (வாசகி, தேனி)

பதில்: நினைவுக்கு வரும் வரிசையில் எழுதுவதால் வருகிற வினை இது. ததத, பூபூபூ இரண்டையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சத்தைத் தேடுவார்கள் (த என்றால் தலை). அப்படித் தேடும்போதுதான் விட்டுப்போகிறது. கிடையாக எழுதவே வேண்டாம், மேலிருந்து கீழாக எழுதட்டும். தாளில் எட்டு வரி. முதல் நாணயத்துக்கு நான்கு த, அடுத்து நான்கு பூ. இரண்டாவதற்கு இரண்டு த, இரண்டு பூ, மறுபடியும் அதேபோல. மூன்றாவதற்கு த, பூ என்று மாற்றி மாற்றி. இப்போது வரி வரியாகப் படித்தால் ததத, ததபூ, தபூத, தபூபூ, பூதத, பூதபூ, பூபூத, பூபூபூ.

சரிபார்க்க, தலை எத்தனை என்று வகை பிரியுங்கள். மூன்று தலை 1, இரண்டு தலை 3, ஒரு தலை 3, தலையே இல்லாதது 1. இதில் ஒன்று குறைந்தாலும் எந்த வகையில் குறைகிறது என்று உடனே தெரியும். வெறுமனே எட்டு வந்ததா என்று எண்ணிப் பார்ப்பது போதாது. ஒன்று விட்டுப்போய் இன்னொன்று இரட்டித்தாலும் எட்டுதான் வரும். நான்கு நாணயம் என்றால் 16 வரி. முதல் நிரல் எட்டு எட்டாகத் தொடங்கும்.

கேள்வி: இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 8 வர (2,6), (3,5), (4,4) என மூன்று வழிதானே? (6,2)-ஐ ஏன் தனியாக எண்ண வேண்டும்? எண்ண வேண்டுமென்றால் (4,4) மட்டும் ஏன் ஒரே தடவை? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒரு பகடை சிவப்பு, மற்றது வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 2, வெள்ளையில் 6 விழுவது வேறு. சிவப்பில் 6, வெள்ளையில் 2 விழுவது வேறு. சிவப்பிலும் 4, வெள்ளையிலும் 4 என்பதை மாற்றிப் போட்டாலும் அதேதான் வரும். ஆக (2,6), (3,5), (4,4), (5,3), (6,2) என்று ஐந்து; மொத்தம் 6×6 = 36 விளைவு என்பதால் நிகழ்தகவு 5/36. இரண்டும் ஒரே நிறப் பகடை என்பதால் விழுகிற விதம் மாறிவிடாது.

உங்கள் கணக்குப்படி பார்த்தால் 7-க்கும் (1,6), (2,5), (3,4) என மூன்றுதான். அப்படியானால் 7, 8 இரண்டும் சமமாக விழ வேண்டும். உண்மையில் 7-க்கு ஆறு வழி. ஜோடிகளை இணைத்தால் 36 விளைவு 21 ஆகச் சுருங்கும், ஆனால் அந்த 21-உம் சமவாய்ப்பு உடையவை அல்ல. சமவாய்ப்பு இல்லாத இடத்தில் 'சாதகமானவை வகுத்தல் மொத்தம்' என்ற சூத்திரம் செல்லாது.

இது பழைய குழப்பம். மூன்று பகடையில் 9-க்கும் 10-க்கும் எண்சேர்க்கை ஆறு ஆறுதானே, பிறகு ஏன் 10 அதிகம் விழுகிறது என்ற கேள்வி கலிலியோவிடமே வந்தது. அவர் வரிசையையும் கணக்கில் எடுத்து எண்ணினார்: மொத்தம் 216-இல் 9-க்கு 25, 10-க்கு 27. 3,3,3 என்ற சேர்க்கை ஒரே வழியில் விழும், 1,3,5 ஆறு வழியில் விழும்; வித்தியாசம் அங்கேதான்.

தேர்வில் 6×6 கட்டம் போட்டு, கட்டத்துக்குள் கூட்டுத்தொகையை எழுதுங்கள்; ஒரே தொகை ஒரே சாய்கோட்டில் அமையும். 'கூட்டுத்தொகை 8 அல்லது இரண்டு பகடையிலும் ஒரே எண்' என்று கேட்டால் பென்சிலால் வட்டமிட்டு எண்ணுங்கள். (4,4)-இல் இரண்டு வட்டம் விழும், அதை ஒருமுறைதான் எண்ண வேண்டும்: 5 + 6 − 1 = 10.

கேள்வி: 0, 2, 5, 7 கொண்டு எத்தனை மூன்றிலக்க எண்கள்? 4×3×2 = 24 தவறாம். (மாணவி, ஈரோடு)

பதில்: இலக்கம் திரும்ப வரக்கூடாது என்றால் 18. உங்கள் 24-இல் 025, 052 போல 0-இல் தொடங்கும் ஆறு இருக்கின்றன. அவை ஈரிலக்க எண்கள். கட்டுப்பாடு உள்ள இடத்தை முதலில் நிரப்புங்கள்: நூறுகள் இடத்துக்கு 3, பத்துகள் இடத்துக்கு 0-உம் சேர்வதால் 3, ஒன்றுகள் இடத்துக்கு 2. இலக்கம் திரும்ப வரலாம் என்று வினாவில் இருந்தால் 3×4×4 = 48. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.