மூன்றாம் வகுப்புப் பையன் மனக்கணக்கில் கெட்டி, வாசிப்பில் திணறுகிறான்: டியூஷனில் சேர்க்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

காரைக்குடியிலிருந்து இதைக் கேட்டிருக்கும் தாயார், கடைக் கணக்கை வாயாலேயே போட்டுவிடும் தம் மகன் தமிழ்ப் பாடத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தடுமாறுகிறான் என்றும், அவனுடைய ஐயா (தாத்தா) அதைச் சோம்பல் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். தேவகோட்டைப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கருத்தில் டியூஷனும் வேண்டாம், பொறுத்துப் பார்ப்பதும் வேண்டாம். எங்கே தடுக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடுத்து, அவனுக்குத் தெரியாத பாடம் ஒன்றை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டி, அதிலிருந்து கேள்வி கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால் புரிந்துகொள்ளும் திறனில் குறையில்லை, எழுத்தை ஒலியாக்கும் இடத்தில்தான் சிக்கல் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இன்னொன்றும் பாருங்கள்: கெட்டிக்காரப் பிள்ளைகள் பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, பக்கத்தைப் பார்த்து வாசிப்பதுபோல ஒப்பித்துவிடுவார்கள். பத்தியின் நடுவே ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பலரைக் கூட்டாக உட்காரவைத்து வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்பும் டியூஷன்களில் இந்த ஒப்பித்தல்தான் வளரும் என்பதே அதை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம்.

தமிழில் தடுக்கும் இடங்கள் தனி. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிரொலி பின்னால் வந்தாலும் அதன் குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது. 'கொ', 'கோ' என்றால் இரு பக்கமும் நிற்கிறது. தனி எழுத்தாகச் சரியாகச் சொல்லும் குழந்தை, சொல்லுக்குள் அதே எழுத்து வந்ததும் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே 247 எழுத்துகளையும் பத்துப் பத்து முறை எழுத வைப்பதில் பயனில்லை, கைதான் வலிக்கும். ஒரு வாரத்திற்கு ஒரே குறியை எடுத்துக்கொண்டு, தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதியபடியே ஒலியை உரக்கச் சொல்ல வைத்து, அந்தக் குறி வரும் நாலைந்து சொற்களை வாசிக்க வைக்கலாம். அன்றைக்கு நடந்ததை அவன் சொல்லச் சொல்ல நீங்கள் மூன்று வரியாக எழுதி, அதையே இருவரும் சேர்ந்து வாசிப்பது இன்னும் நல்லது. தான் சொன்னதே என்பதால் பயம் குறையும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்றால், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022 ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவன் அரும்பு, மொட்டு, மலர் ஆகிய நிலைகளில் எதில் இருக்கிறான் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். தொடக்க நிலையான அரும்பு என்றால் அவமானமில்லை, அவன் நிலைக்கேற்ற பயிற்சி அவனுக்குக் கிடைக்கும் என்பதே பொருள். சில மாதங்கள் இப்படிச் செய்தும் முன்னேற்றமில்லையென்றால், பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க ஏற்பாடு செய்யுமாறு தலைமையாசிரியரிடம் கேளுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது அறிவுக்குக் குறைவில்லாமலே வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் வரும் சிக்கல், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஒன்று. மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர்களே முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது. உங்கள் மகன் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறான். பெயர் கெட்டுவிடுமே என்று தயங்க வேண்டாம். குறைபாடு உறுதியானால், பின்னாளில் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அதற்கெனத் தரப்படும் சான்றிதழே வழி.

தன்னம்பிக்கையைப் பொறுத்தவரை, நம் பகுதி வீடுகளில் விசேஷத்திற்குப் பங்காளிகள் கூடும்போது பிள்ளையை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நிறுத்தி அழைப்புப் பத்திரிகையை வாசிக்கச் சொல்லும் வழக்கத்தைத்தான் நான் முதலில் கண்டிப்பேன். அதற்குப் பதில் மொய்ப்பணத்தைக் கூட்டிச் சொல்லும் வேலையை அவனிடம் கொடுங்கள். அவன் திறமையை ஊர் பார்க்கட்டும். 'ஐந்தில் வளையாதது' என்று ஐயா தொடங்கினால் வாதாட வேண்டாம். தினமும் காலையில் செய்தித்தாளில் ஒரு செய்தியைப் பேரனுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை அவரிடமே கொடுத்து, 'இதை நீ வாசி, பார்ப்போம்' என்று தாளை அவன் பக்கம் நீட்டுவதை மட்டும் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.