ஆளை அடிக்கும் சேவலும் அடையில் இருக்கும் 11 முட்டையும்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் வாலிநோக்கம் பக்கம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கொல்லையில் 9 பெட்டை, 3 சேவல் நிற்கின்றன. அதில் பெரிய சேவலை ஆடி மாதம் வண்டியில் வந்த கோழி வியாபாரியிடம் வாங்கினோம். அசல் பெருவிடை, சண்டைக்கோழி வகை என்று சொல்லித்தான் கொடுத்தார். குலசாமிக்கு நேர்ந்துவிட்டதால் மாசிச் சிவராத்திரிவரை அறுக்க முடியாது. ஒரு மாதமாக ஆளைக் கண்டாலே பறந்து வந்து அடிக்கிறது. மாமியார் விளக்குமாறு இல்லாமல் கொல்லைக்குப் போவதில்லை. போன வாரம் என் 5 வயது மகளுக்குக் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. மருந்துக்கடையில் தண்ணீரில் கலந்து கொடுக்க ஒரு டானிக் தந்தார்கள், பலனில்லை. அலகை நறுக்கிவிடு என்கிறார் வியாபாரி. வெறி அடங்க வேறு மருந்து உண்டா? சேவலைக் கட்டிப்போட்டால் பருந்து குஞ்சுகளைத் தூக்கிவிடுமோ என்றும் பயம். இப்போது ஒரு பெட்டையை 11 முட்டையில் அடை வைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் பிள்ளையைப் பார்ப்போம். கோழியின் கால் முள் கிழித்த காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையானால் தனுர்வாத ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கோழி நாளெல்லாம் குப்பையைக் கிளறுகிற காலால் கிழித்த காயம் அது. மஞ்சள் வைத்துக் கட்டியதோடு விட்டிருந்தால் இன்றைக்கே கூட்டிப்போங்கள். ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். சேவல் திறந்து கிடக்கும்வரை மகள் தனியாகக் கொல்லைக்குப் போகக் கூடாது. சின்னப் பிள்ளையின் முகம் சேவல் பறந்து அடிக்கிற உயரத்தில்தான் இருக்கிறது.

வெறி அடக்கும் மருந்து கிடையாது. உங்களுக்குக் கொடுத்தது ஏதோ வைட்டமின் டானிக்காக இருக்கும். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் காசு வீண். சேவலுக்கு ஐந்தாறு மாதத்தில் விதைச் சுரப்பு ஏறும்போது இந்தக் குணம் கிளம்பும். பரம்பரையில் இருந்தால் இன்னும் கூடும். இதைப் பாட்டிலில் ஊற்றிக் குறைக்கலாம் என்று சொல்லி விற்பவரைக் கோழி விஷயத்தில் இனி நம்ப வேண்டாம்.

அலகை நறுக்கச் சொன்னாரே, அதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. இந்தச் சேவல் அடிப்பது காலால். அலகை வெட்டினாலும் முள் அப்படியேதான் இருக்கும். அலகு நுனியில் உணர்ச்சி நரம்பு ஓடுகிறது, வெட்டினால் வலி. கூண்டில் தீவனத்தை அள்ளித் தின்கிற பண்ணைக் கோழியே கஷ்டப்படும்போது, மண்ணில் புழுவும் கறையானும் பொறுக்கித் தின்கிற வீட்டுக்கோழி என்ன செய்யும்?

கால் முள்ளின் கூர்மையை மட்டும் மழுக்கலாம். மேலே நகம் மாதிரி உறை, உள்ளே எலும்பும் ரத்தமும். ஆகவே அடியோடு வெட்டக் கூடாது. இருட்டியபின் சேவல் அடைந்திருக்கும்போது பிடித்து, சிறகோடு சேர்த்து ஒரு சாக்கில் சுற்றி ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் அரத்தால் நுனியை மட்டும் உருண்டையாகத் தேய்த்துவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். ரத்தம் கசிந்தால் அதோடு நிறுத்தி மஞ்சள்தூளை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மறுபடி வளரும், மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

மாமியாரிடம் விளக்குமாற்றைக் கீழே போடச் சொல்லுங்கள். அவர் அடிக்க அடிக்க, இன்னொரு சேவல் சண்டைக்கு வந்திருக்கிறது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அவர் திரும்பி ஓடினால் ஜெயித்தது தான்தான் என்றும் எடுத்துக்கொள்ளும். அடிக்க வருமுன் சேவலைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பக்கச் சிறகைத் தரையில் உரசுகிற மாதிரி இறக்கி, நேராக வராமல் பக்கவாட்டில் சின்னச் சின்ன எட்டு வைக்கும். கழுத்து மயிர் குடையாக விரியும். அந்த நேரத்தில் ஒரு சுளகை (முறத்தை) முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். முன்னேறவும் வேண்டாம், பின்வாங்கவும் வேண்டாம். ரெண்டு முறை சுளகில் மோதிவிட்டு, தலையைத் தாழ்த்தி மண்ணைக் கொத்துகிற மாதிரி ஒதுங்கும். அதற்கப்புறம்தான் நகர வேண்டும். இது பெரியவர்கள் தப்பித்துக்கொள்வதற்கு. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது போதாது, சேவலை அடைத்தே ஆக வேண்டும்.

நேர்ந்துவிட்டது என்பதால் அறுக்கச் சொல்லவில்லை. ஆனால் சிவராத்திரிவரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கிற எண்ணமும் வேண்டாம், அது வதை. கொல்லையின் ஒரு மூலையை மறித்து, இடுப்பு உயரத்துக்குப் பனைமட்டை வேலி நெருக்கமாகக் கட்டி, அதற்கு மேலேயும் கூரைக்கும் வலை போடுங்கள். உங்கள் வீட்டில் பழைய வலைக்குப் பஞ்சமிருக்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், நைலான் வலை தரைவரை தொங்கக் கூடாது. சேவல் எகிறி உதைக்கும்போது முள் கண்ணியில் மாட்டி, தலைகீழாகத் தொங்கி, விடிகிறபோது செத்துக் கிடக்கும். வலை மேலே, மட்டை கீழே. மட்டை நெருக்கமாக இருந்தால் வெளியே நிற்கிற சேவல்களும் கண்ணில் படாது, முறைப்பும் தணியும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னே உள்ளே ஒரு மேடும் தலைக்கு மேல் நாலு கீற்றும் போட்டுவிடுங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயம். அடை வைத்திருக்கிறேன் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கவலை முழுக்க அங்கேதான். மூன்று சேவல் நிற்கிற இடத்தில் பெரும்பாலும் மற்றதை அடக்கி வைக்கிற சேவல்தான் பெட்டைகளை மிதிக்கும், மற்றதுகளைக் கிட்டே விடாது. அந்த 11 முட்டையில் பெரும்பாலானவற்றுக்குத் தகப்பன் இந்தச் சேவல்தான். சிவராத்திரிக்கு நேர்ச்சை தீர்ந்துவிடும், ஆனால் சித்திரை வைகாசியில் அதன் பிள்ளைகள் உங்கள் கொல்லையில் கூவ ஆரம்பிக்கும்.

ஒரு பெட்டை கெட்ட குணமென்றால் அதன் குஞ்சோடு போச்சு. சேவல் அப்படியில்லை, கொல்லையில் பொரிக்கிற குஞ்சு எல்லாவற்றிலும் பாதி ரத்தம் அதனுடையது. நம் ஜனங்கள் முட்டையிடுகிற பெட்டைக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசிகூடச் சேவலைத் தேடுவதில் காட்டுவதில்லை. கொண்டை சிவப்பு, வால் நீளம், எடை நாலு கிலோ, எடுத்துக்கோ. அவ்வளவுதான் பார்க்கிறார்கள்.

ஆகவே நான் போகிற இடமெல்லாம் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். வளர்ந்த சேவலை வியாபாரியிடம் வாங்கவே வாங்காதீர்கள். நல்ல வயதில் நிற்கிற, பெட்டையை அணைத்து மேய்க்கிற சேவலை எந்த வீட்டுக்காரி விற்பாள்? வியாபாரியின் கூடைக்குள் வந்து சேர்கிற வளர்ந்த சேவல் பெரும்பாலும் யாரோ ஒருவர் வேண்டாமென்று தள்ளிவிட்டது. ஒன்று ஆளை அடித்திருக்கும், இல்லை நோய்ப்பட்ட மந்தையிலிருந்து அவசரமாக வந்திருக்கும். ‘பெருவிடை’ என்ற பேரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம், பழி போடவும் வேண்டாம். சண்டைக்கு வளர்க்கிற அசில் வகைச் சேவல் இன்னொரு சேவலைக் கண்டால்தான் பாயும். வளர்க்கிற ஆளின் கையில் சாதுவாகவே நிற்கும், கையில் எடுத்துத் தடவ முடியாத சேவலை அவர்களே வைத்துக்கொள்வதில்லை. அப்படிக் கழித்ததுதான் ஊர் ஊராக விலைக்கு வருகிறது. இன்னொன்று, இந்தச் சேவலின் மூர்க்கத்தைப் பார்த்துச் சண்டைக்குக் கேட்டு யாராவது கூடுதல் விலை சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். மிருகங்களைச் சண்டைக்கு ஏவுவது 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சாமிக்கு நேர்ந்ததை அதற்கு அனுப்ப உங்களுக்கும் மனசு வராது.

சேவலை நாலு வீடு தள்ளி, அல்லது பக்கத்து ஊரில், தகப்பன் சேவலை நீங்களே கண்ணால் பார்த்த வீட்டில் கேளுங்கள். பணம் வேண்டாம், உங்கள் சேவல் குஞ்சைக் கொடுத்து அவர்களுடையதை வாங்குங்கள். உங்களிடம் நிற்கிற மற்ற ரெண்டும் வீட்டில் பொரித்ததாக இருந்தால், தாயோடும் தங்கையோடும் சேர்வதைத் தவிர்க்க இந்த மாற்று நல்லது. 9 பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். பெட்டைகளின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவல் அதிகம் என்று அர்த்தம்.

குணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி கம்பை இறைத்துப் பாருங்கள். நல்ல சேவல் ஒரு மணியை அலகால் எடுத்துக் கீழே போட்டு, க்குக் க்குக் என்று தாழ்ந்த குரலில் பெட்டைகளைக் கூப்பிடும். அவை வந்து தின்ற பிறகுதான் தான் குனியும். இடையிடையே ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். நீங்கள் எழுந்து அதன் பக்கம் நடந்தால் பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு விலகும். விலகாமல் உங்களை நோக்கித் திரும்பி நின்றால் அந்தச் சேவல் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பருந்துக்கும் அப்படிப்பட்ட சேவல்தான் துணை. குஞ்சைக் காப்பது அதன் எச்சரிக்கைக் குரல், ஆளை அடிக்கிற மூர்க்கம் இல்லை. நம் கடலோரத்தில் மீன் காயப்போடுகிற இடத்துக்குச் செம்பருந்தும் கரும்பருந்தும் வராத நாளில்லை. முதல் மாதம் குஞ்சுகளைப் பஞ்சாரத்திலேயே வைத்து, அப்புறம் திறந்துவிடும்போது கொல்லையில் ரெண்டு மூன்று இடத்தில் உடைமுள் கொப்பைக் கவிழ்த்துப் போடுங்கள். சத்தம் கேட்டதும் குஞ்சு முள்ளுக்கடியில் ஓடிவிடும், பருந்து இறங்காது.

புதுச் சேவல் வந்தால் ரெண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. அதைத் தடுக்கக் குஞ்சுகளுக்கு 7 ஆம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, 8 ஆவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

பழைய சேவலை அடைத்த மறுநாளே முட்டை சேர்த்து அடை வைத்துவிடவும் வேண்டாம். மிதித்த விந்து பெட்டையின் உடம்பில் ரெண்டு வாரம்வரை, சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். புதுச் சேவல் சேர்ந்து மூன்று வாரம் போகட்டும். அதுவரை இடுகிற முட்டையைச் சமைத்துச் சாப்பிடுங்கள், பிள்ளைக்குக் கொடுங்கள்.

இப்போது அடையில் இருப்பதைக் கலைக்க வேண்டாம், 21 நாளில் பொரிக்கட்டும். குஞ்சு பெரிதாகித் தாயை விட்டுப் பிரியும்போது அந்த ஈட்டுக் குஞ்சு எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் துணிநாடா காலில் கட்டி, வளர வளரத் தளர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கால் வீங்கிவிடும். நாடா கட்டிய சேவல்களை ஐந்தாம் மாதம் கறிக்கு விட்டுவிடுங்கள், ஒன்றைக்கூட இனத்துக்கு நிறுத்தாதீர்கள். பெட்டைகளை வைத்துக்கொள்ளலாம், அதில் குஞ்சு இல்லாத நேரத்திலும் ஆளைக் கொத்துவது இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள்.