சோழப்படை கடாரத்திலேயே தங்கியிருந்தால்?

அன்புள்ள அக்கா,

போன வாரம் உறவினர் வீட்டு விருந்தில் சாப்பாடு முடிந்ததும் பேச்சு வரலாற்றுப் பக்கம் திரும்பியது. "1819இல் ராஃபிள்ஸ் வராமல் இருந்திருந்தால் சிங்கப்பூர் இன்னும் மீன்பிடிக் கிராமமாகத்தான் கிடந்திருக்கும். சும்மா வெள்ளைக்காரனைக் குறை சொல்லாதீர்கள்" என்றார் மாமா. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தம்பி விடவில்லை. "ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, அடித்த பிறகு படையைத் திருப்பி அழைக்காமல் அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்த வட்டாரம் முழுக்கத் தமிழ் பேசியிருக்கும். ராஃபிள்ஸுக்கு இங்கே வேலையே இருந்திருக்காது" என்றான். நள்ளிரவு வரை சண்டைதான்.

இருவர் பேச்சிலும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'இப்படி நடந்திருந்தால்' என்று பேசுவதே வீண் வேலையா? சோழர்களும் பிரிட்டிஷார் மாதிரி காலனி ஆதிக்கம் செய்தவர்கள்தானா? ராஜேந்திரனை நினைத்துப் பெருமைப்படுவது தப்பா?

உங்கள் வாசகன்
ஈசூன்

*

அன்புள்ள தம்பி,

வீண் வேலை இல்லை. ஒன்று நடந்ததற்கு இன்னதுதான் காரணம் என்று சொல்பவர் எவரும், 'அது இல்லாவிட்டால் இது நடந்திருக்காது' என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார். மாமா ராஃபிள்ஸுக்கு நன்றி சொல்லும்போதே ராஃபிள்ஸ் இல்லாத ஒரு சிங்கப்பூரைக் கற்பனை செய்துவிட்டார். அதில் தப்பில்லை. ஆனால் கற்பனையில் இறங்குவதற்கு முன்னால், அதே காரியம் வேறெங்காவது நிஜமாகவே நடந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த விருந்தில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதலில் உங்கள் தம்பியின் கேள்வி. சோழப்படை கடல் கடந்துபோய், திரும்பாமல் தங்கி ஆண்ட நாடு ஒன்று இருக்கிறது: இலங்கை. 993 வாக்கில் ராஜராஜனின் படை அனுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவையைத் தலைநகராக்கி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனை ராஜேந்திரன் சிறைபிடித்தான். மகிந்தன் சோழநாட்டிலேயே இருந்து, அங்கேயே இறந்தான். அதிகாரிகள், வரி, கோயில், கல்வெட்டு எல்லாம் அங்கே இருந்தன. வானவன் மாதேவி பெயரில் கட்டிய சிவன் கோயில் இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. சரி, முடிவு என்ன? 1070இல் சிங்கள மன்னன் விஜயபாகு சோழர்களை வெளியேற்றினான். பொலன்னறுவையைச் சுற்றியிருந்தவர்கள் சிங்களத்தை விடவும் இல்லை, பௌத்தத்தை விடவும் இல்லை. பாக் நீரிணையைத் தாண்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருந்த நாட்டிலேயே முக்கால் நூற்றாண்டு ஆட்சியால் செய்ய முடியாததை, வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், பருவக்காற்றை நம்பி வருஷத்துக்கு ஒரு முறை கப்பல் அனுப்பிச் செய்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் வரும் அவன் புகழுரை, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் என்று ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. எங்கே எந்த அதிகாரியை நியமித்தான், எவ்வளவு வரி வாங்கினான் என்று ஒரு வார்த்தை இல்லை. கடாரத்து மன்னனின் யானைகளும் வித்தியாதரத் தோரணமும் கைப்பற்றிய செல்வமும்தான் வருகின்றன. அது ஆளப்போன படை இல்லை, அடித்து எடுத்துவரப்போன படை. சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசும் விழுந்தே கிடக்கவில்லை. 1028இல் மறுபடியும் சீன அரசவைக்குத் தூது அனுப்பியிருக்கிறது. 1068 வாக்கில் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்றபோதும், தன் அடிபணிந்த மன்னனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாக அவனுடைய கல்வெட்டுதான் பெருமையாகச் சொல்கிறது. தங்கி ஆள வேண்டும் என்ற நோக்கமே அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

தம்பியின் கற்பனையில் சோழர்கள் மட்டும்தான் நகர்கிறார்கள். மலாய் மன்னர்களும் ஓராங் லாவுட் கடலோடிகளும் சீன வணிகர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உண்மையில் அப்படி நின்றவர்கள் யாரும் இல்லை. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். ஊரைப் பிடித்தால் வணிகமும் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் சரக்கோடு ஆச்சேவுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். அதே மலாக்காவில், போர்த்துக்கீசியக் கைதிகளுக்கு முன்பே உதவியிருந்த நம்மூர் வணிகர் ஒருவருக்கு, அவர்களுடைய ஆவணங்களில் நினா சாத்து என்று வருகிறவருக்கு, பண்டகாரப் பதவி (மலாய் அரசில் முதலமைச்சர் பதவி) கிடைத்தது. ஒருவர் ஓடினார், ஒருவர் ஒட்டிக்கொண்டார். பேரரசுகளைப் பற்றி யோசிக்கும்போது இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது மாமாவுக்கு. மீன்பிடிக் கிராமம் என்ற பேச்சை ஃபோர்ட் கேனிங் குன்று எப்போதோ முடித்துவைத்துவிட்டது. 1928இல் அங்கே 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. 1984இலிருந்து தொல்லியலாளர் ஜான் மிக்சிக்கும் அவருடைய குழுவினரும் தோண்டத் தோண்டச் சீனப் பீங்கான் வந்துகொண்டே இருந்தது. 1349 வாக்கில் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி தெமாசெக்கைப் பற்றி, அதாவது பழைய சிங்கப்பூரைப் பற்றி, எழுதிவைத்திருக்கிறார். ஆனால் நான் மாமாவிடம் பேச விரும்புவது இதைப் பற்றி அல்ல. அவர் சொல்வது, துறைமுகத்தை உண்டாக்கியது பிரிட்டிஷார் என்று. அப்படியானால் பென்கூலன் ஏன் சிங்கப்பூர் ஆகவில்லை?

நாம் பென்கூலன் எம்ஆர்டி நிலையத்தில் ஏறி இறங்குகிறோம். அந்தப் பெயருக்குரிய ஊர் சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1685இல் அங்கே போய் இறங்கி, ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆண்டது. அதே கொடி, அதே கம்பெனி, கடைசி ஆறு ஆண்டுகள் அதே ராஃபிள்ஸ்தான் அங்கே லெப்டினன்ட் கவர்னர். கோட்டை இருந்தது, ஆங்கிலேயச் சட்டம் இருந்தது. ஆனாலும் அது கடைசிவரை நஷ்டத்தில் ஓடிய மிளகுக் கிடங்காகவே இருந்தது. 1824 ஒப்பந்தத்தில் அதை டச்சுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு மலாக்காவை வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்த இந்தியக் கைதிகளை 1825இல் இங்கே கொண்டுவந்தார்கள். இஸ்தானாவும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை.

பென்கூலனில் இல்லாமல் இங்கே இருந்தது எது? முதலில் நீரிணை. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் போகும் கப்பல் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகும். அப்புறம் வணிகர்கள். 18ஆம் நூற்றாண்டில் நமக்கு எதிரே ரியாத் தீவுகளில், சுலவெசியிலிருந்து வந்த கடல் வணிகர்களான பூகிஸ்காரர்கள் நடத்திய பெரிய துறைமுகம் இருந்தது. 1784இல் டச்சுக்காரர்கள் அதை அடக்கினார்கள். 1820இல் ரியாவில் அவர்களோடு மோதிய பூகிஸ் தலைவர் அருங் பிலாவா தன் ஆட்களோடு சிங்கப்பூர் வந்து குடியேறினார். இப்படி வந்தவர்களால்தான் 1819இல் ஆயிரம் பேர் அளவில் இருந்த ஊர் 1824 கணக்கெடுப்பில் 10,683 பேராக ஆனது. சுங்கம் வாங்காதது பிரிட்டிஷாரின் முடிவு, அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் சுங்கம் இல்லாத ஊரை எந்தப் பணத்தில் நடத்தினார்கள் என்றும் மாமா கேட்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசு வருவாயில் பாதி அளவுக்கு அபினிக் குத்தகையிலிருந்து வந்தது. புகைத்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கிய சீனக் கூலிகள். அந்தக் கணக்கை விட்டுவிட்டு நன்றி மட்டும் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல.

வீட்டில் மறுபடியும் சண்டை போடுவதென்றால் இதை வைத்துப் போடுங்கள். 1819 தொடக்கத்தில் சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபார்குவாரிடம் இருந்தது கையளவு படை. மலாக்காவிலிருந்து டச்சுக்காரர்கள் வந்து அடிப்பார்கள் என்ற பயத்தில் பினாங்கு கவர்னர் பானர்மனிடம் ஆள் கேட்டார். பானர்மன் மறுத்தார், இடத்தைக் காலி செய்துவிடச் சொன்னார். டச்சுக்காரர்கள் எதிர்ப்புக் கடிதம் அனுப்பியதோடு நின்றார்கள். அவர்கள் உண்மையிலேயே கப்பல்களோடு வந்திருந்தால்? இது நல்ல கேள்வி. அந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் கையில் இருந்ததை வைத்தே செய்திருக்கக்கூடிய ஒரு சின்ன மாற்றம் இது. சோழர் கையில் நிரந்தரக் கடற்படைத் தளத்தைக் கொண்டுபோய்த் திணிக்க வேண்டியதில்லை. ரியா மறுபடி எழுந்திருக்குமா, ஃபார்குவார் முன்பு பரிந்துரைத்த கரிமுன் தீவுக்குப் போயிருப்பார்களா, ஜொகூர் அரியணைச் சண்டையில் ஹுசேன் ஷாவை ஆதரித்த தெமெங்கோங் (சிங்கப்பூரின் மலாய்த் தலைவர்) யார் பக்கம் சாய்ந்திருப்பார்? இதில் எல்லாரும் நகர்கிறார்கள்.

சோழர்களும் பிரிட்டிஷாரும் ஒன்றா என்றால், ஒன்றில்லை. கம்பெனி வருவாயைக் கணக்கெடுத்து, பயிரை மாற்றி, மனிதர்களைக் கடல் கடத்தி, 1858 வரை சிங்கப்பூரை ஆண்டது. அத்தகைய இயந்திரம் சோழர்களிடம் இல்லை. ஆனால் 'நம்மவர் கொள்ளையடிக்கவில்லை, பண்பாட்டைப் பரப்பினார்கள்' என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விகாரைகளைச் சோழர்கள் உடைத்துச் செல்வத்தை எடுத்துப் போனதை இலங்கையின் பௌத்த வரலாற்று நூலான சூளவம்சம் மிகுந்த வலியோடு பதிவு செய்திருக்கிறது. அதை எழுதிய பிக்குகளிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? மாமாவின் வாயில் இருக்கும் நியாயமும் அதேதான், கொடி மட்டும் வேறு.

பெருமைப்படுவது தப்பில்லை. ராஜேந்திரனின் கப்பல்களை நினைத்தால் எனக்கும் வியப்புதான். ஆனால் என் மனம் போவது சுமத்ராவின் பாருஸ் கல்வெட்டுக்கு. 1088இல், எந்தப் படையும் கூட இல்லாமல், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தமிழில் வெட்டிவைத்தது. துறைக்கு வரும் கப்பலோடிகள் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன்னாகக் கட்ட வேண்டிய கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறது அது. அந்நிய மண்ணில், அந்த ஊர்க்காரர்களோடு ஒத்துப்போய், விதி வகுத்துத் தொழில் செய்தவர்கள் அவர்கள். அந்தக் கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தம்பிக்கு விடுமுறை வரும்போது கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா